‘டூ அவே வித்’: எதை ஒழிக்கும்போது இந்த ஆங்கிலத் தொடர் பொருந்தும்?

ஒழிப்பு என்ற சொல்லைத் தமிழில் நாம் தாராளமாகப் புழங்குகிறோம். கொசு ஒழிப்பு, போலியோ ஒழிப்பு, வறுமை ஒழிப்பு, கொத்தடிமை ஒழிப்பு, ஜமீன்தாரி ஒழிப்பு என்று, மாநகராட்சியின் சுவரெழுத்திலிருந்து சட்டப் புத்தகம்வரை அந்த ஒரே சொல் எல்லா இடத்திலும் நிற்கிறது. எதை ஒழிக்கிறோம் என்பதை வைத்தே எப்படி ஒழிக்கிறோம் என்பதையும் கேட்பவர் புரிந்துகொள்வதால், தமிழில் இதனால் குழப்பம் எதுவும் நேர்வதில்லை. ஆங்கிலத்தில் எழுதப் போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ‘டூ அவே வித்’ என்றால் ‘ஒழித்தல்’ என்று கையேட்டில் மனப்பாடம் செய்தவர்கள், கொசுவுக்கும் இருமலுக்கும் கிழிந்த சட்டைக்கும் அதையே எழுதிவிடுகிறார்கள். வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, கொடுங்கையூர்ப் பகுதிகளில் வங்கித் தேர்வுக்கும் மத்தியப் பணியாளர் தேர்வுக்கும் படிக்கும் பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்தும்போது நான் அடிக்கடி காணும் பிழை இது. நாளிதழைத் தவறாமல் படிக்கிறவர்களும் இதிலிருந்து தப்புவதில்லை; செய்தித் தலைப்பில் அத்தொடரைப் பலமுறை பார்த்திருந்தும், எவற்றோடு மட்டும் அது வருகிறது என்பதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஆங்கிலம் அந்த ஒரு வேலையைப் பல சொற்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. அவற்றுள் ‘டூ அவே வித்’ என்ற தொடருக்கு விழுந்த பங்கு எது என்பதையே இந்தக் கட்டுரை விளக்குகிறது.

சொற்கள் ஒட்டும்போது பொருள் மாறுவது ஏன்?

‘தீர்த்துக்கட்டினான்’ என்று ஒருவர் சொன்னால், அங்கே எதையும் யாரும் கயிற்றால் கட்டவில்லை என்பது நமக்குத் தெரியும். ‘தீர்’, ‘கட்டு’ என்ற இரண்டையும் தனித்தனியாக அகராதியில் பார்த்துக் கூட்டினாலும் ‘கொன்றான்’ என்ற பொருள் கிடைக்காது. ‘ஒழித்துக்கட்டு’ என்பதிலும் ‘கட்டு’ தன் சொந்தப் பொருளை இழந்து, முன்னால் நிற்கும் வினைக்கு ஒரு முடிவுத்தன்மையை மட்டும் தருகிறது. தாய்மொழியில் இதை யாரும் நமக்குக் கற்பிக்கவில்லை. கேட்டுக் கேட்டே பிடித்துக்கொண்டோம்.

ஆங்கிலத்திலும் இவ்வாறு நிகழ்கிறது. எளிய வினைச்சொல் ஒன்றோடு ‘அப்’, ‘அவுட்’, ‘அவே’, ‘வித்’ போன்ற சிறு சொல் ஒன்றோ இரண்டோ சேர்ந்து, தனித்தனிச் சொற்களில் இல்லாத புதிய பொருளைத் தருமானால், அந்தக் கூட்டை ‘ஃபிரேசல் வெர்ப்’ என்பார்கள். தமிழில் அதைத் தொடர்வினை என்று வைத்துக்கொள்வோம். ‘டூ அவே வித்’ மூன்று சொற்களால் ஆன தொடர்வினை. ‘டூ’ என்றால் செய், ‘அவே’ என்றால் அப்பால், ‘வித்’ என்றால் உடன் என்று பிரித்துப் பார்ப்பதால் பயனில்லை. பழைய ஆங்கிலத்தில் ‘டூ’ என்பதற்கு ‘வை’, ‘இடு’ என்ற பொருளும் இருந்தது. ஆடை அணிவதைக் குறிக்கும் ‘டான்’, தொப்பியைக் கழற்றுவதைக் குறிக்கும் ‘டாஃப்’ ஆகிய சொற்கள் ‘டூ ஆன்’, ‘டூ ஆஃப்’ என்பவற்றிலிருந்து பிறந்தவை. அந்தப் பழம்பொருளை நினைவில் வைத்தால், ‘அப்பால் வைத்துவிடு’ என்ற கருத்து ‘டூ அவே’ என்பதற்குள் இருப்பது விளங்கும். இருந்தாலும் இன்றைய பயன்பாட்டில் மூன்றையும் ஒரே சொல்லாகவே கொள்ள வேண்டும்.

இத்தொடரின் மையப் பொருள்

1973ஆம் ஆண்டில் தமிழக அரசு மனிதனை மனிதன் இழுக்கும் கை ரிக்‌ஷாவை ஒழித்தது. இழுத்துப் பிழைத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷாக்கள் வழங்கப்பட்டன. ராயபுரத்திலும் மூலக்கொத்தளத்திலும் வயதானவர்கள் இன்றும் அந்த வண்டிகளைப் பற்றிப் பேசுவார்கள். இந்தச் செய்தியை ஆங்கிலத்தில் ‘த கவர்ன்மென்ட் டிட் அவே வித் ஹேண்ட்-புல்ட் ரிக்‌ஷாஸ்’ என்று எழுதலாம். மிகப் பொருத்தமான வாக்கியம் அது. ஆனால் இங்கே ஒழிக்கப்பட்டது எது என்பதைக் கவனிக்க வேண்டும். மரத்தாலும் இரும்பாலும் ஆன வண்டிகளைப் பற்றி இந்த வாக்கியம் பேசவில்லை. ஒருவர் இழுக்க இன்னொருவர் அமர்ந்து செல்லலாம் என்று ஊர் ஏற்றுக்கொண்டிருந்த ஒரு நடைமுறை இல்லாமற்போனதையே அது சொல்கிறது. வீட்டு வாசலில் கிடந்த பழைய வண்டியை ஒருவர் உடைத்து விறகாக்கியிருந்தால், அதற்கு இத்தொடர் பொருந்தாது.

‘டூ அவே வித்’ என்பதன் மையம் இதுதான். மனிதர்கள் ஏற்படுத்திக்கொண்டு, தொடர்ந்து கடைப்பிடித்துவந்த ஓர் ஏற்பாட்டை இனி வேண்டாம் என்று இல்லாமற்செய்வதை அது குறிக்கிறது. ஏற்பாடு என்று இங்கே நான் சொல்வது விதி, வழக்கம், பதவி, வரி, தேர்வு, நிறுவனம், சடங்கு ஆகிய அனைத்தையும் உள்ளடக்கியது. 1980இல் தமிழக அரசு கர்ணம், மணியக்காரர் முதலிய பழைய கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. 1986இல் தமிழ்நாட்டின் சட்ட மேலவை ஒழிக்கப்பட்டது. 2016 ஜனவரி முதல் மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்கும் கெசட்டட் அல்லாத குரூப் பி பணிகளுக்கும் நேர்முகத் தேர்வு கைவிடப்பட்டது. 2017இலிருந்து இரயில்வேக்கென்று தனி வரவுசெலவுத் திட்ட அறிக்கை கிடையாது. நான்கையும் ‘டிட் அவே வித்’ என்று சொல்லலாம். நேர்முகத் தேர்வு பற்றிய செய்தியைப் படித்த மாணவர்களுக்கு அந்த வாக்கியம் உடனே மனத்தில் பதிகிறது; தங்கள் வாழ்க்கையைத் தொட்ட செய்தி என்பதால் இருக்கலாம்.

ஏற்பாட்டை நீக்குவது அரசாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு குடும்பம் திருமணத்தில் வரதட்சணையை விட்டொழிக்கலாம், ஒரு பள்ளி தரவரிசைப் பட்டியலைக் கைவிடலாம், ஓர் அலுவலகம் வருகைப் பதிவேட்டை நிறுத்திவிடலாம். அதற்கும் மேலாக, உயிரற்ற பொருளே எழுவாயாக நிற்கும் ஒரு பயன்பாடு உண்டு. தமிழில் நேரடியாக அமையாத கட்டமைப்பு என்பதால் நம்மவர்கள் அதை அதிகம் கையாள்வதில்லை. ‘த ஆப் டஸ் அவே வித் த நீட் டு ஸ்டாண்ட் இன் அ க்யூ’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். புறநகர் இரயிலுக்குக் கைப்பேசிச் செயலியிலேயே பயணச்சீட்டு எடுக்க முடிவதால், வண்ணாரப்பேட்டை நிலையத்தில் வரிசையில் நிற்க வேண்டிய தேவை இல்லாமற்போகிறது என்பது அதன் பொருள். செயலி யாருக்கும் ஆணையிடவில்லை. அது வந்ததால் ஒரு தேவை அற்றுப்போயிற்று. ‘த நீட் ஃபார்’, ‘த நீட் டு’ என்ற சொற்களோடு சேரும் இந்த அமைப்பு கட்டுரை எழுதுவதற்கு மிகவும் உதவும். ‘டூ அவே வித்’ கற்கும் எவரும் இதை முதலில் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: இத்தொடருக்குப் பின் வருவது பெரும்பாலும் கையால் தொடக்கூடிய பொருளாக இராது, ஓர் ஏற்பாடாகவோ ஒரு தேவையாகவோ இருக்கும். அதை நீக்குவது ஆளாகவும் இருக்கலாம், அமைப்பாகவும் இருக்கலாம், புதிதாக வந்த ஒரு கருவியாகவும் இருக்கலாம்.

‘கெட் ரிட் ஆஃப்’ எங்கே வேறுபடுகிறது?

இவ்விரண்டு தொடர்களும் ஒன்றுக்கொன்று மாற்று என்று பல கையேடுகள் அச்சிடுகின்றன. சில இடங்களில் அது சரிதான். ஒரு விதியை நீக்குவதைப் பேச்சில் இரண்டாலும் சொல்லலாம். ஆனால் அவற்றின் பார்வை வேறு. ‘கெட் ரிட் ஆஃப்’ என்பது, எனக்கு வேண்டாத ஒன்று என்னை விட்டு நீங்குவதைச் சொல்கிறது. என்னிடமிருந்து போனபின் அது எங்கே போயிற்று, இன்னும் இருக்கிறதா என்பது அத்தொடரின் கவலை அன்று.

வடசென்னையில் வாழ்கிறவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியைக் கையாண்ட காலத்தில் ராயபுரம் வீடுகளின் மொட்டை மாடிகளிலும் உலர்த்திய துணிகளிலும் கரித்தூள் படிந்தது. உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2011இல் அந்தப் பணி அங்கே நிறுத்தப்பட்டு எண்ணூருக்கு மாற்றப்பட்டது. ராயபுரம் ‘காட் ரிட் ஆஃப் த கோல் டஸ்ட்’ என்று எழுதினால் அது உண்மை. நிலக்கரி இறக்குமதியை ‘டிட் அவே வித்’ என்று எழுதினால் அது பொய், ஏனெனில் நிலக்கரி எண்ணூருக்குப் போயிற்று. அங்கே வாழ்கிற மனிதர்களின் பக்கத்தில் இறங்குகிறது. குப்பையும் அப்படித்தான். நகரத்தின் பல வீடுகள் காலையில் குப்பையை வெளியேற்றி ‘கெட் ரிட் ஆஃப்’ செய்துவிடுகின்றன. அது கொடுங்கையூரில் மலையாகக் குவிந்து கிடந்ததை இந்தப் பகுதி மக்கள் தலைமுறைகளாகச் சுமந்தார்கள். ஒரு தொடர் பொருளை இடம் பெயர்க்கிறது, மற்றொன்று நடைமுறைக்கு முடிவு கட்டுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆகையால் கரப்பான், எலி, கறை, நாற்றம், இருமல், பழைய இருசக்கர வாகனம், விடாமல் அழைக்கும் விற்பனையாளர் ஆகியவற்றுக்கு ‘கெட் ரிட் ஆஃப்’ பொருந்தும். எழுதும்போது கடைசிச் சொல்லில் ஒரே ஓர் ‘எஃப்’ எழுத்துதான் வரும். இரண்டு போடுவது நம் ஊரில் மிகப் பரவலான எழுத்துப் பிழை.

அண்டையில் நிற்கும் வேறு சில சொற்கள்

ஒன்றைப் படிப்படியாக விலக்கிக்கொள்வதற்கு ‘ஃபேஸ் அவுட்’ என்ற தொடர்வினை உண்டு. பெரம்பூரில் 1955இல் தொடங்கப்பட்ட இரயில் பெட்டித் தொழிற்சாலை, தன் பழைய வடிவமைப்புப் பெட்டிகளைத் தயாரிப்பதை 2018 ஜனவரியில் நிறுத்தி, எல்.எச்.பி. என்ற புதிய வகைக்கு முழுமையாக மாறியது. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பழைய பெட்டிகள் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. அவை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விலக்கப்படுகின்றன. இங்கே ‘ஃபேஸ் அவுட்’ என்பதே துல்லியமான சொல்.

நோயை அடியோடு இல்லாமற்செய்வது ‘எராடிகேட்’. பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்தது என்று 1980இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்ததற்கு இச்சொல்லே பயன்பட்டது. இந்தியா போலியோ அற்ற நாடு என்று 2014இல் சான்று பெற்றபின்னும் சொட்டு மருந்து முகாம்கள் தொடர்வதற்குக் காரணம், உலக அளவில் அந்த ‘எராடிகேட்’ இன்னும் நிறைவேறாததே. நோய் என்பது மனிதர்கள் வகுத்துக்கொண்ட ஏற்பாடு இல்லை என்பதால் அதனோடு ‘டூ அவே வித்’ நன்றாகப் பொருந்தாது.

தற்காலிக நிறுத்தத்துக்கும் இத்தொடர் ஆகாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் காசிமேட்டு விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாட்களில் விசைப்படகு மீன்பிடிப்பு ‘சஸ்பெண்ட்’ செய்யப்படுகிறது. ஜூன் நடுவில் படகுகள் மீண்டும் புறப்படும். திரும்பி வரப்போகிற ஒன்றை ‘டன் அவே வித்’ என்று எழுத முடியாது.

சட்டத்தில் ஒழிந்ததும் வாழ்க்கையில் ஒழிந்ததும்

‘அபாலிஷ்’ என்ற சொல்லைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பொருளளவில் ‘டூ அவே வித்’ என்பதற்கு மிக நெருங்கிய சொல் இது; ஆனால் அதிகாரமும் முறைமையும் உடையது. சட்டம், தீர்மானம், அரசாணை ஆகியவை ‘அபாலிஷ்’ என்றே பேசும். ஜமீன்தாரி முறையை முடிவுக்குக் கொண்டுவந்த 1948ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டத்தின் பெயரிலேயே ‘அபாலிஷன்’ உள்ளது. அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிப்பதாக அறிவிக்கும்போதும் இதே சொல்லைத்தான் கையாள்கிறது. சட்ட வாசகத்தில் ‘டூ அவே வித்’ வருவது அரிது. செய்தியிலும் சொற்பொழிவிலும் அன்றாட எழுத்திலும் அது வரும். இந்த அளவுக்குக் கையேடுகளும் சொல்கின்றன.

அவை சொல்லாத ஒன்று இருக்கிறது. ‘அபாலிஷ்’ என்பது ஓர் அறிவிப்பாகவும் நிற்க முடியும்; சட்டத்தின் கண்ணில் அது இனி இல்லை என்று சொன்னாலே போதும். ‘வி ஹேவ் டன் அவே வித் இட்’ என்று சொல்லும்போதோ, நடைமுறையில் அது உண்மையிலேயே இல்லாமற்போய்விட்டது என்று பேசுபவர் உறுதி கூறுகிறார். மனிதக் கழிவை மனிதர் அகற்றும் கொடுமைக்கு எதிராக 1993இல் ஒரு சட்டமும் 2013இல் இன்னும் விரிவான மற்றொரு சட்டமும் வந்தன. இவற்றைப் பற்றி எழுதும் மாணவர், சட்டம் அதைத் தடைசெய்தது என்று எழுதலாம், எழுதவும் வேண்டும். அதை நாடு ‘டன் அவே வித்’ செய்துவிட்டது என்று எழுதினால், சட்டத்துக்குப் பின்னும் கழிவுநீர்க் குழிக்குள் இறங்கி இறந்தவர்களை அந்த வாக்கியம் மறைத்துவிடுகிறது. இலக்கணப் பிழை ஏதும் அதில் இல்லாததால் திருத்துபவர் மதிப்பெண் குறைக்கமாட்டார். ஆனாலும் அதை நான் பிழை என்றே சொல்வேன். கட்டுரைத் தேர்வில் ‘ஷுட் பி டன் அவே வித்’, அதாவது இன்னும் ஒழிக்கப்பட வேண்டும், என்ற வடிவத்தை இத்தகைய இடங்களில் பயன்படுத்தும்படி நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஓசையால் வரும் குழப்பம்

‘கெட் அவே வித்’ என்ற தொடர்வினை காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே ஒலிக்கும். பொருளில் எந்தத் தொடர்பும் கிடையாது. தவறு செய்துவிட்டுத் தண்டனை இல்லாமல் தப்பித்துக்கொள்வதை அது குறிக்கும். ‘ஹி டிட் அவே வித் த ரூல்’ என்றால் அவர் விதியை நீக்கினார். ‘ஹி காட் அவே வித் பிரேக்கிங் த ரூல்’ என்றால் அவர் விதியை மீறியும் மாட்டிக்கொள்ளவில்லை.

‘டூ விதவுட்’ என்பதும் இடறச் செய்யும். ஒன்று இல்லாமலேயே சமாளிப்பதை அது சொல்லும். காசிமேட்டு மீன் வியாபாரிகள் ‘கெனாட் டூ விதவுட் ஐஸ்’; பனிக்கட்டி இல்லாமல் அவர்களுக்கு ஒரு நாளும் ஓடாது. அவர்கள் பனிக்கட்டியை ஒழிக்க முடியாது என்று இதற்குப் பொருள்கொண்டால் வாக்கியமே கெட்டுவிடும்.

ஆளின் பெயர் பின்னால் வந்தால்

‘டூ அவே வித்’ என்பதற்குப் பின் விதியோ வழக்கமோ வராமல் ஒரு மனிதர் வந்தால், பொருள் முற்றிலும் மாறிக் கொலையைக் குறிக்கும். மேலே சொன்ன ‘தீர்த்துக்கட்டு’ என்பதற்கு இணையான, பேச்சு வழக்கு சார்ந்த பயன்பாடு அது. துப்பறியும் கதைகளிலும் குற்றச் செய்திகளிலும் காணலாம். இதை அறியாததால் விபரீதமான வாக்கியங்கள் பிறக்கின்றன. ஓர் ஆலை நாற்பது தொழிலாளர்களை வேலையிலிருந்து நீக்கியது என்று சொல்ல விரும்பி, ‘த மில் டிட் அவே வித் ஃபார்ட்டி வொர்க்கர்ஸ்’ என்று எழுதினால், ஆலை நாற்பது பேரைக் கொன்றுவிட்டது என்றுதான் ஆங்கிலம் அறிந்தவர் படிப்பார். நாற்பது பணியிடங்கள் என்று பொருள்படும்படி ‘ஃபார்ட்டி போஸ்ட்ஸ்’ என்று மாற்றினால் சரியாகிவிடும். ஆட்களையே சொல்ல வேண்டுமானால் ‘லெய்ட் ஆஃப்’ என்ற தொடர் இருக்கிறது.

நடுவில் ஒரு முறை தொகுத்துக்கொள்வோம். ஏற்பாட்டுக்கு ‘டூ அவே வித்’, என்னை விட்டு விலக வேண்டிய பொருளுக்கு ‘கெட் ரிட் ஆஃப்’, படிப்படியான விலக்கலுக்கு ‘ஃபேஸ் அவுட்’, நோய்க்கு ‘எராடிகேட்’, சட்டத்தின் குரலுக்கு ‘அபாலிஷ்’. ஆள் பெயரோடு வரும்போது மட்டும் முதல் தொடருக்குக் கொலை என்ற பொருள் உண்டாகிறது.

வாக்கியத்தில் அமைக்கும் முறை

இலக்கணத்தில் கவனிக்க வேண்டியவை சிலவே. மூன்று சொற்களும் பிரியாமல் வர வேண்டும். செயலுக்கு உள்ளாகும் சொல், அதாவது செயப்படுபொருள், ‘வித்’ என்பதற்குப் பின்னால்தான் நிற்கும். ‘அது’ என்பதைச் சேர்க்கும்போது ‘டிட் அவே வித் இட்’ என்பதே சரி. ‘டிட் இட் அவே வித்’ என்று நடுவில் நுழைக்கக் கூடாது. காலம் மாறும்போது ‘டூ’ மட்டும் ‘டிட்’, ‘டன்’, ‘டூயிங்’ என மாறும். பேசும்போது அழுத்தம் ‘அவே’ என்பதன் மேல் விழும்.

போட்டித் தேர்வுகளில் மதிப்பெண் பறிபோகும் இடம் செயப்பாட்டு வினை. செய்தவரைப் பின்னுக்குத் தள்ளி, செயப்படுபொருளை எழுவாயாக்கிச் சொல்லும் வாக்கிய அமைப்புக்கு அந்தப் பெயர். ‘தே டிட் அவே வித் த இன்டர்வியூ’ என்பதை அவ்வாறு மாற்றினால் ‘த இன்டர்வியூ வாஸ் டன் அவே வித்’ என்று வரும். வாக்கியம் ‘வித்’ என்று முடிவது நம் காதுக்கு அரைகுறையாக ஒலிப்பதால், பலர் அதை வெட்டி ‘வாஸ் டன் அவே’ என்று நிறுத்திவிடுகிறார்கள். பிழை கண்டுபிடிக்கும் வினாக்களில் இந்த இடம் அடிக்கடி வருகிறது. ‘திஸ் பிராக்டிஸ் ஷுட் பி டன் அவே’ என்று கொடுத்திருந்தால், குறைவது கடைசியில் வர வேண்டிய ‘வித்’.

இத்தொடரிலிருந்து வழக்கமான பெயர்ச்சொல் எதுவும் பிறக்கவில்லை. ‘ஒழிப்பு’ என்பதுபோல ஒரு பெயர் தேவைப்படும்போது ‘அபாலிஷன்’ என்பதையோ ‘ரிமூவல்’ என்பதையோ கடன் வாங்க வேண்டும். அல்லது ‘டூயிங் அவே வித் த எக்ஸாம்’ என்று வினையையே பெயர்போல நிறுத்தி எழுத வேண்டும்.